இருநூற்றுப் பதினாறு பலாக்கால்கள்

கொல்லிமலையில் பெரக்கரை நாட்டு ஊர்களில் புது வீடு எழும்புகிறது என்றால் கூரை தாங்கும் முதல் காலை நடுவதற்குச் செல்லமுத்துவைக் கூப்பிடுவார்கள். குழி தோண்டுவதும் கால் செதுக்குவதும் வீட்டுக்காரர் பாடு. செல்லமுத்து வந்து மரத்தைத் தடவிப் பார்ப்பார். அடி எது, நுனி எது என்று சொல்வார். அடியைக் குழியில் இறக்கி, காலை நிமிர்த்தி, நாலு பக்கமும் மண் மிதித்துவிட்டுக் கை கழுவுவார். அதற்குக் கூலி கிடையாது. ஒரு வேளை சாமைச் சோறும் அவரைக் குழம்பும்தான். மற்ற நாட்களில் அவரும் எல்லோரையும் போலச் சாமை விதைத்தார், மிளகு பறித்தார், கூப்பிட்ட இடத்துக்கு ரம்பம் தூக்கிப்போய் மரம் அறுத்தார். எழுதப் படிக்கத் தெரியாது. மலையை விட்டு இறங்கினால் பேளுக்குறிச்சிச் சந்தை. அதற்கு அப்பால் போனது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

அவர் ஒரு யுனிவர்சிட்டி நூலகம் எழும்புவதைக் கூட இருந்து பார்த்தார் என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். அந்த நூலகத்துக்கு அலமாரி செய்த பதினொரு தச்சர்களில் நானும் ஒருவன். கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். காணாததை அவரும் அவர் மனைவி கண்ணாயியும் பின்னாளில் சொல்லக் கேட்டபடி எழுதுகிறேன்.

முதலில் நூலகம். யுனிவர்சிட்டி தொடங்கி ஆறு வருஷம் ஆகியும் புத்தகங்களுக்கென்று ஒரு கட்டடம் இல்லை. மாணவர் விடுதியில் மூன்று அறைகளில், தகரப் பெட்டியிலும் மரப்பெட்டியிலுமாகக் கிடந்தன. ஒரு மழைக்காலத்தில் கறையான் ஏறி இரண்டு மரப்பெட்டிகளைத் தின்றுவிட்டது. மேலே அட்டை அப்படியே இருக்கிறது. தொட்டால் உள்ளே மண். நூலகர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். அந்த இரண்டு பெட்டிகளையும் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் மேலதிகாரிகள் கூடியிருந்த மேசைமேல் கவிழ்த்தாராம். அடுத்த மாதமே புது நூலகத்துக்கு உத்தரவு ஆயிற்று.

இடம் பழைய நெல்வயல். களிமண். பன்னிரண்டு அடி தோண்டிய பிறகுதான் மணல் தட்டியது. கடைக்காலுக்கு மட்டும் ஒரு கோடை முழுவதும் போயிற்று. சுண்ணாம்பு அரைக்கும் கல்சக்கரம் இரண்டு வருஷம் ஓயாமல் சுற்றியது. அதை இழுத்த மாடுகளுக்கு யாரும் ஓட்டாமலே வட்டம் போடும் பழக்கம் வந்துவிட்டது. சுவர் எழ எழ நூலகர் தினமும் மாலையில் வந்து ஒவ்வொரு ஜன்னல் பொந்திலும் நின்று வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்ப்பார். சுவரைவிட ஜன்னல்தான் அவருக்கு முக்கியம். ஜன்னலைவிட அலமாரி.

தச்சு வேலைக்குத் தலைவர் அர்த்தனாரி ஆசாரி, திருச்செங்கோட்டுக்காரர். “கறையானுக்குப் பயப்படுற ஐயாவுக்குக் கொல்லிமலைப் பலாதான் சரி” என்று சொன்னவர் அவரே. ஐம்பத்து நாலு அலமாரி. ஒவ்வொன்றுக்கும் ஒன்பதடி உயரத்தில் நாலு கால். இருநூற்றுப் பதினாறு கால்களும் அதற்குத் தக்க பலகையும் வேண்டும் என்று பேளுக்குறிச்சி மர வியாபாரி அப்துல் கரீம் ராவுத்தருக்கு எழுதிப் போட்டார்.

கடிதம் நல்ல நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முந்தைய கார்த்திகையில், 1934 என்று நினைவு, மலையில் மூன்று நாள் ஓயாத காற்று. பெரக்கரை நாட்டில் மட்டும் முப்பத்தொரு பலா வேரோடு சாய்ந்தது. அங்கே பலாவை வீட்டு ஆள் மாதிரி பேர் வைத்துத்தான் அழைப்பார்கள். தேன்பலா, வாசல்பலா, காய்க்காமல் நிற்பது ஊமைப்பலா. விழுந்த பலாவை மலையை விட்டு விற்பதில்லை. அந்தக் குடும்பத்தின் வீட்டிலேயே அது காலாக மறுபடி நிற்கவேண்டும். இல்லாவிட்டால் விழுந்த இடத்தில் மக்கவேண்டும். நிற்கும்போது வளர்ந்தபடியே நிற்கவேண்டும், அடி கீழே, நுனி மேலே. தலைகீழாக நிறுத்தினால் அந்த வீட்டில் மிச்சம் இருக்கிற பலாவும் காய்க்காது என்பார்கள். ஆனால் ஒரே வருஷத்தில் முப்பத்தொரு மரத்துக்கு வீடு எங்கே கட்டுவது? மரங்கள் மழையில் கிடந்தன. அந்தச் சமயத்தில்தான் ராவுத்தர் மலை ஏறினார்.

கோயில் முன் நாடு கூடியது. வழக்குத் தீர்க்கும் பட்டக்காரர் குப்புசாமிக்கு அப்போதே எழுபது வயது.

“எதுக்குங்க ராவுத்தரே இத்தனை மரம்? கப்பலா கட்டப் போறீங்க?”

“கப்பல் இல்லீங்க. புஸ்தகம் அடுக்கறதுக்கு அலமாரி.”

“முப்பத்தொரு மரத்துல அடுக்கற அளவுக்குப் புஸ்தகமா? பேசறதுக்கு ஒலகத்துல அவ்வளவு சங்கதி இருக்குதா?”

“இருக்குதாம். இன்னும் எழுதிக்கிட்டேதான் இருக்கறாங்களாம்.”

கூட்டம் சிரித்து அடங்கிய பிறகு பட்டக்காரர் கேட்டார்: “சரி, மழையில மக்கறதுக்கு வேற எங்கயாச்சும் நின்னாத் தேவலை. மரம் அங்க நிக்குமா, படுக்குமா?”

ராவுத்தருக்குப் புரியவில்லை. மரம் அறுக்கப் பேசி வைத்திருந்த செல்லமுத்துதான் எழுந்தார். “தட்டுப் பலகை படுக்குமுங்க. காலு நிக்கும். படுக்கறதுல நமக்கு வழக்கில்ல. நிக்கறது இருநூத்திப் பதினாறும் அடி கீழதான் நிக்கும். அதுக்கு நான் ஆளு.”

“தப்பிப் போச்சுன்னா?”

“தப்புனா இந்த நாட்டுல ஒரு ஊட்டுக்கும் நான் காலு நடமாட்டனுங்க.”

கோயில் கல்லில் கை வைத்துச் சொன்னார். மரம் இறங்கியது.

அறுப்பு ஒரு வருஷம் நடந்தது. நூலைக் கரியில் தோய்த்துக் கோடு அடித்து, ஒருவர் மரத்தின் மேலும் ஒருவர் குழியிலும் நின்று இழுக்கும் பெரிய ரம்பம். அறுத்த கால்களை நிழலில் நிறுத்திக் காயவைத்தார்கள். அதிலும் அடி கீழேதான். கலந்துபோகக் கூடாது என்று ஒவ்வொரு காலின் அடி முனையிலும் செல்லமுத்து தன் கையால் காவியைக் குழைத்துப் பூசினார். இருநூற்றுப் பதினாறு முனை. ஒன்றுகூட விடவில்லை. பிறகு இரண்டிரண்டு பேராகத் தோளில் சுமந்து ஒற்றையடிப் பாதையில் இறக்கி, பேளுக்குறிச்சியிலிருந்து மாட்டுவண்டியில் சேலம் ரயிலடிக்கு அனுப்பினார்கள். மூன்று நடை போய்விட்டது. நான்காவது, கடைசி நடையோடு செல்லமுத்துவும் ரயில் ஏறினார். “நிக்கறதைக் கண்ணுல பாத்துட்டு வந்துடறேன்” என்று கண்ணாயியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

1937 தை மாதம். எங்கள் பட்டறை, கட்டடத்தின் வடக்கே நீளமான கீற்றுக் கொட்டகை. பலா இழைத்தால் மஞ்சள் தூள் பறக்கும். வேட்டி, தலைமயிர், இமை எல்லாம் மஞ்சள். சோறுகூட மஞ்சள் வாசனை அடிக்கும். இப்போதும் எங்காவது பலா அறுக்கிற இடத்தைக் கடந்தால் என் கால் தானாக நிற்கிறது. பதினொரு பேரும் குனிந்து ஒரே தாளத்தில் இழைப்புளி தள்ளுகிற சத்தம், மேலே கொத்தனார்கள் தளம் இடிக்கும் கட்டைச் சத்தம், நடுவில் அர்த்தனாரி ஆசாரியின் வசவு. அதைவிட நல்ல இடத்தில் நான் வேலை செய்ததில்லை.

செல்லமுத்து வந்த அன்று முழுக் கட்டடத்தையும் சுற்றிப் பார்த்தார். மூன்று மாடி. படியேறத் தெரியாமல் கையையும் ஊன்றி ஏறினார். மேலே நின்று, “இதுக்குக் கீழ எத்தனை ஆழம் போயிருக்குதுங்க?” என்று கேட்டார். பன்னிரண்டு அடி என்றோம். “அப்ப நிக்கும்” என்றார். மற்ற யார் வந்தாலும் உயரத்தைத்தான் கேட்பார்கள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். எங்களுக்குச் சமைத்துப்போட்ட அத்தாயி அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். செல்லமுத்து உருட்டிய கவளத்தை இலையில் போட்டுவிட்டு எழுந்து போய், எரிகிற அடுப்பிலிருந்து ஒரு துண்டை வெறுங்கையால் இழுத்தார்.

“அய்யோ சாமி, கையி!” என்று கத்தினாள் அத்தாயி. “சோத்தைப் பாருன்னா அடுப்பைப் பாக்கறீங்களே!”

துண்டின் ஒரு முனையில் காவி.

“இது ஏது, ஆயா?”

“ஆசாரிமாரு அறுத்துப் போடறாங்க, நான் எரிக்கறேன். ஒரு மாசமா இதுதான் வெறகு. அங்க பாருங்க, ஒரு குவியலே கெடக்குது.”

அவர் குவியலைப் பார்த்தார். பாதித் துண்டுகளில் காவி இருந்தது.

இதில் எங்கள் தப்பு ஒன்றுமில்லை. அவர் தப்பும் இல்லை என்றுதான் சொல்வேன். அலமாரி செய்கிற தச்சனுக்கு மரம் வந்ததும் முதல் வேலை இரு முனையையும் நாலு விரல் அறுத்து எறிவது. முனை காய்ந்து வெடித்திருக்கும். விட்டால் வெடிப்பு உள்ளே ஓடும். மலையில் அந்தப் பேச்சே இல்லை. அங்கே காலின் அடி மண்ணுக்குள் போகிறது. வெடித்தால் என்ன, கோணினால் என்ன? முனையை வெட்டி எறிகிற மனிதரை அவர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதனால் எது பத்திரமான இடம் என்று யோசித்து, நாங்கள் முதலில் வெட்டுகிற இடத்தில் அடையாளம் வைத்துவிட்டார்.

மூன்று நடையில் வந்த நூற்று அறுபது கால்களும் முனை அறுத்தாயிற்று. அதில் எண்பதற்குத் துளையும் வெட்டியாயிற்று. கீழே அடிக்கட்டைக்கு ஒரு விதத் துளை, மேலே முகட்டுச் சட்டத்துக்கு வேறு விதம். இனி திருப்பிப் போட முடியாது. எது மேல், எது கீழ் என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. கைக்கு வந்தபடி வெட்டினோம்.

அவர் கொட்டகைக்கு வந்து ஆசாரியிடம் சொன்னார். ஆசாரி முதலில் சிரித்தார்.

“ஏனுங்க கவுண்டரே, வாசல் நிலைக்கு நாங்களும் அடி நுனி பாப்போம். அலமாரிக்கு எவன் பாப்பான்? தலைகீழா நின்னா புஸ்தகம் தலைகீழாப் படிக்குமா?”

“நாட்டுல சொல்லிட்டு வந்திருக்கறனுங்க.”

“சொன்னது உங்க நாட்டுல. நிக்கறது இங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“நான் பாத்துட்டனே.”

ஆசாரிக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. “சரி, இழைச்சு நாலு பக்கமும் ஒண்ணாக் கெடக்குது. இனி அடி எது நுனி எதுன்னு பிரம்மாவே வந்தாலும் சொல்லமுடியுமா?”

“தோள்ல வெச்சாச் சொல்லலாமுங்க.”

“ஜோசியமா?”

“சொமைங்க. அடிப்பக்கம் கனம். ரெண்டு பேரு தூக்குனா அடிப்பக்கம் வாட்டசாட்டமானவனுக்குத்தான் குடுப்போம்.”

ஆசாரி ஆளைச் சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்கிறவர் இல்லை. காவி அழியாமல் அன்று வந்திறங்கிய கடைசி நடையிலிருந்து பத்துக் கால்களை எடுத்து இரு முனையிலும் சாக்கைச் சுற்றிக் கட்டச் சொன்னார். சாக்கும் இரு பக்கமும் ஒரே அளவு. கயிறும் ஒரே அளவு. ஒவ்வொன்றுக்கும் நடு எது என்று கோல் வைத்து அளந்து நானே கீறல் போட்டேன். செல்லமுத்துவின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். கீறல் தோள் எலும்பில் படும்படி ஒவ்வொன்றாக வைத்தோம். அவர் கையை விடுவார், மூச்சை நிறுத்துவார், மரம் ஒரு பக்கம் மெல்லத் தாழும். “இந்தப் பக்கம் அடி.” சாக்கை அவிழ்த்தால் காவி.

ஐந்தாவதில் ஆசாரி சூழ்ச்சி செய்தார். முதலில் சொன்ன காலையே திருப்பி வைத்தார். செல்லமுத்து சிரித்துவிட்டார். “இவன் முன்னமே வந்துட்டானுங்க. மொகத்தைத் திருப்பிக்கிட்டு வந்தா தெரியாதா?”

பத்துக்குப் பத்து. கண்கட்டை அவிழ்த்தபோது கொட்டகையில் இழைப்புளிச் சத்தம் நின்றிருந்தது. வாசலில் நூலகர். எப்போது வந்தாரோ தெரியவில்லை.

“என்ன ஆசாரியாரே, என்ன நடக்கிறது?”

ஆசாரி சொன்னார். சரிசெய்ய ஒன்றரை மாதம் கூடுதலாகும் என்றும், மரமும் போதாது என்றும் சேர்த்துச் சொன்னார். நூலகர் மறுப்பார், பழி தம்மேல் விழாது என்று ஆசாரி நினைத்திருக்கலாம். நூலகர் மஞ்சள் தூளைக் காலால் அளைந்தார்.

“மேல்தளச் சுண்ணாம்பு காய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை அலமாரி வந்தாலும் எனக்கு வைக்க இடமில்லை” என்றார். பிறகு செல்லமுத்துவைப் பார்த்து, “என் புத்தகத்தை யாராவது தலைகீழாக அடுக்கினால் நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன்” என்றார். போய்விட்டார்.

நாலு நாள் எடை பார்த்தோம். துளை வெட்டாத எண்பதும் எளிது; அடி தெரிந்ததும் ஆசாரி உளியால் பக்கத்தில் கீறல் போட்டார், இந்த முறை முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே. துளை வெட்டிய எண்பதில் எடையை மட்டும் நம்பமுடியாது, துளைக்கு வெட்டியெடுத்த மரத்தின் எடை குழப்பும். அங்கே செல்லமுத்து கணுவைப் பார்த்தார். கிளை மேல்நோக்கிக் கிளம்பிய சாய்வு கணுவில் இருக்கும். எடையும் கணுவும் ஒத்து வந்தால்தான் ஒதுக்குவார். கடைசியில் நாற்பது கால் சரி. முப்பத்தொன்பது தலைகீழ். ஒன்று மட்டும் எதற்கும் அசையவில்லை. கணுவே இல்லை, தோளில் வைத்தால் தராசுக்கோல் மாதிரி நேராக நின்றது. காலை வைத்தார், மாலை வைத்தார், தோளை மாற்றி வைத்தார். கடைசியில் தனியாகச் சுவரோரம் சாத்தினார்.

தலைகீழான முப்பத்தொன்பதைக் குறுக்குச் சட்டமாகப் படுக்கப் போடலாம் என்று ஆசாரியே சொன்னார். மாற்றுக் காலுக்கு மரம்? பச்சை மரம் உதவாது. ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். காய்ந்த பலா வேண்டும்.

“என்கிட்ட இருக்குதுங்க” என்றார் செல்லமுத்து.

அது என்ன என்று நாங்கள் அப்போது கேட்கவில்லை. பின்னால் கண்ணாயி சொன்னாள். ஊருக்கெல்லாம் முதல் கால் நட்ட மனிதரின் சொந்த வீடு, மேற்குப் பக்கம் சாய்ந்து முட்டுக் கொடுத்து நின்றது. புது வீட்டுக்கென்று தங்கள் தோட்டத்து மரத்தில் பத்து முரட்டுக் கால்கள் செதுக்கி ஆறு வருஷமாகக் காயவைத்திருந்தார்கள். அந்தச் சித்திரையில் கட்டுவதாகப் பேச்சு. அவற்றை எடுக்க அவர் மலைக்குப் போனார்.

“ஏனுங்க, ஊரு மரம் நேரா நிக்கறதுக்கு நம்ம ஊடு சாஞ்சே கெடக்கோணுமா?” என்று கேட்டாளாம்.

“வாக்குக் குடுத்துட்டேன்.”

“எனக்கும் குடுத்தீங்க. ஆறு வருசமாக் குடுக்கறீங்க. நான் கோயில் கல்லாயிருந்தா மதிச்சிருப்பீங்க.”

அவள் சாமையைப் புடைத்து முடித்தாள். முறத்தைத் தட்டிக் கவிழ்த்தாள்.

“தூக்கிட்டுப் போங்க. போறதுக்கு முன்னால அந்த ஒழுகற மூலைக்குப் புல்லு மேஞ்சுட்டுப் போங்க. மழைக்கு நான் எங்க படுக்கறது?”

மூலையை வேய்ந்துவிட்டுத்தான் கிளம்பினார். அவர்கள் புது வீட்டுக்குப் போக மேலும் ஐந்து வருஷம் ஆயிற்று.

பத்து முரட்டுக் கால்கள் மாசிக் கடைசியில் பட்டறைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் நாலாகப் பிளந்தால் நாற்பது. முப்பத்தொன்பது தலைகீழுக்கு முப்பத்தொன்பது. அந்தச் சந்தேகக் காலுக்கு ஒன்று. கணக்கு நேராக இருந்தது. ஆனால் பிளந்தபோது ஒரு துண்டின் உள்ளே வண்டு குடைந்த பாதை. வெளியே ஊசி நுழையும் துளைகூட இல்லை. முப்பத்தொன்பதுதான் தேறியது.

சந்தேகக் காலும் நிற்கவேண்டியதாயிற்று. ஆசாரி கையைத் தேய்த்துக்கொண்டு, “கவுண்டரே, பாதிக்குப் பாதி நேராத்தான் இருக்கும். விடுங்க” என்றார். செல்லமுத்து அது எந்த அலமாரிக்குப் போகிறது என்று மட்டும் பார்த்துவைத்துக்கொண்டார். கீழ்த்தளப் படிப்பு மண்டபம், வாசலுக்கு நேரே இரண்டாவது அலமாரி, முன்பக்க இடது கால்.

வைகாசி முடியும் வரை எங்களோடு இருந்தார். தட்டுப் பலகை பிடிப்பார், அலமாரி தூக்குவார், ஒவ்வொன்றும் நிமிரும்போது அடியில் கை வைத்துப் பார்ப்பார். ஆனி மாதம் புத்தகப் பெட்டிகள் வந்தபோது அவர் மலைக்குப் போய்விட்டிருந்தார். நூலகர் முதல் புத்தகத்தை வைத்தபோது ஆசாரி என்னிடம், “அந்த மனுசன் இருந்திருக்கலாம்” என்றார். அவர் யாரையும் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மலையில் நாடு கூடியது. எல்லாம் நின்றதா என்று பட்டக்காரர் கேட்டார். நின்றது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அங்கிருந்து யாரும் ரயிலேறி வந்து பார்க்கப் போவதில்லை.

“இருநூத்திப் பதினஞ்சு அடி கீழ நிக்குதுங்க. ஒண்ணு எனக்குத் தெரியல” என்றார் செல்லமுத்து.

“தெரியலைன்னா?”

“தெரியலைங்க. தோள்ல அசையல. இருநூத்திப் பதினாறும்னு சொன்னேன். அதனால இனி நான் காலு நடறதில்ல.”

வேண்டாம் என்றார்கள் சிலர். ஒன்று கிடக்கட்டும் என்றார்கள் சிலர். அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு குடும்பங்கள் வந்து கூப்பிட்டன. போகவில்லை. வேறு யாரையாவது வைத்து நட்டுக்கொள்ளலாம்தான், யாரும் நடவில்லை. எட்டு மாதம் பெரக்கரை நாட்டில் ஒரு புது வீடும் எழும்பவில்லை என்று கண்ணாயி சொன்னாள். குழிகள் தோண்டியபடி கிடந்தன.

மறுவருஷம் மாசியில் நான்கு பேர் நூலக வாசலில் வந்து நின்றார்கள். கதவு வேலை பாக்கியிருந்ததால் ஆசாரியும் நானும் அங்கேதான் இருந்தோம். முன்னால் தடியூன்றிக்கொண்டு பட்டக்காரர் குப்புசாமி, பின்னால் மாதேஸ்வரன், சின்னுசாமி என்று நாட்டு ஆட்கள் இருவர், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு செல்லமுத்து. அந்த ஒரு காலைப் பார்க்க வந்திருந்தார்கள்.

மண்டபத்தில் முப்பது மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். நால்வரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் பாதத்தை வைத்து நடந்தார்கள். இரண்டாவது அலமாரியின் முன்னால் போய் நின்றார்கள். மேலிருந்து கீழ்வரை புத்தகம்.

“இதுல எத்தனை இருக்குதுங்க?” என்று பட்டக்காரர் மெல்லக் கேட்டார்.

“நானூற்றுப் பன்னிரண்டு” என்றார் நூலகர். “காலைக் கழற்றிப் பார்க்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இறக்கச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் ஆகும்.” சொன்னபடியே தாமே நாலு புத்தகத்தை இறக்கித் தரையில் வைத்தார்.

பட்டக்காரர் அதில் ஒன்றை எடுத்தார். திறக்கவில்லை. கையில் ஏந்தி எடை பார்த்தார். அண்ணாந்து அலமாரியை மேல்வரை பார்த்தார். பிறகு தடியை மாதேஸ்வரனிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காலில் தம் தோளை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. காதை வைத்துக் கேட்டார். கீழே குனிந்து, தரையோடு கால் சேரும் இடத்தில் விரலை ஓட்டினார்.

“எவ்வளவு நாளா இந்தச் சொமையில நிக்குது?”

“எட்டு மாதமாக.”

“ஒரு முனகலும் இல்லையே.” நிமிர்ந்தார். “அடி கீழதான் இருக்குது.”

“அது எப்படிங்க சொல்றீங்க?” என்றார் சின்னுசாமி. “செல்லமுத்துக்கே தெரியலயே.”

“அவன் வெறும் மரத்தைத் தூக்கிப் பாத்தான். நான் சொமை ஏத்துனதைப் பாத்துட்டேன். உனக்குச் சந்தேகம்னா நானூத்திப் பன்னெண்டையும் நீயே எறக்கு. எறக்கிட்டு நீயே அடுக்கோணும். ஒண்ணு தலைகீழாப் போனாலும் இந்த ஐயா விடமாட்டாரு.”

சின்னுசாமி அலமாரியை மேல்தட்டுவரை பார்த்துவிட்டு, “இருக்கட்டும், அடி கீழதான்” என்றார். படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். நூலகர் அவர்களைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

செல்லமுத்து சிரிக்கவில்லை. “நீங்க சொல்றது தீர்ப்புங்களா?” என்று கேட்டார்.

“தீர்ப்புத்தான். நாடு சொல்லிருச்சு. இனி அந்தக் காலு உன்ற கணக்குல இல்ல, என்ற கணக்குல. தப்பாயிருந்தா என்ற பலா காய்க்காமப் போவட்டும்.” கையில் இருந்த புத்தகத்தை இரண்டு கையாலும் நூலகரிடம் திருப்பிக் கொடுத்தார். “வர்ற வெள்ளிக்கெழமை என்ற பேரன் ஊட்டுக்குக் காலு நடறோம். நாலு மாசமாக் குழி தொறந்து கெடக்குது, ஆட்டுக்குட்டி ரெண்டு விழுந்து எந்திரிச்சிருச்சு. நேரத்தோட வந்துரு.”

செல்லமுத்து விரலை மடக்கி எண்ணினார். ரயில் ஒரு நாள், சேலத்திலிருந்து வண்டி இரண்டு நாள், மலை ஏற ஒரு நாள்.

“அப்ப இன்னைக்கே கெளம்போணுமுங்க” என்றார்.

நூலகர் தரையில் இருந்த புத்தகங்களைத் துடைத்து இடத்தில் வைப்பதற்குள் நால்வரும் வெளியே போயிருந்தார்கள். நானும் ஆசாரியும் வாசல்வரை போனோம். செல்லமுத்து முன்னால் நடந்தார். கிழவரின் மூட்டையையும் சேர்த்துத் தம் தோளில் போட்டிருந்தார்.